ஒரு நாள் பிந்தினார்!

(தோழர்களுக்கான பயிற்சிக் கூட்டமொன்றில், 'ஆசிரியர் ஊதியம்' எனும் பொருள் பற்றி ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துவடிவம்.)



பள்ளி ஆசிரியர்கட்கு அளிக்கப்படும் ஊதியம் அவர்தம் உழைப்புக்கு ஏற்றதுதானா என்பது எனக்குத் தரப்பட்டுள்ள பொருள். தலைவர் இப்பொருளை அறிவித்தபோது, முன்வரிசையில் இருந்த தோழர்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்து முறுவலித்ததைக் கண்டேன். அந்த முறுவலின் பொருள் அறியாதவனல்லன் நான். "வாத்தியார்களுக்கா குறை? கோடைக்கு விடுமுறை, பொங்கலுக்கு விடுமுறை, மழை பெய்தால் விடுமுறை, மாதம் பிறந்தால் சம்பளம்! இவர்களுக்காக நாம் ஏன் தொண்டை வற்றப் பேச வேண்டும்?" இதுதானே தோழர்களே அந்த முறுவல்? கோபம் வேண்டாம். அந்த முறுவலை நானே ஒரு காலத்தில் முறுவலித்தவன். அதனால்தான் அதற்கு விடைகூற எனக்கு உரிமை உண்டென்று கருதுகிறேன்.

2018 ஆம் ஆண்டு, செப்டம்பர் 5. ஆசிரியர் நாள். ஊராட்சி ஒன்றியப் பள்ளியொன்றில் விழா. சிறப்புரை ஆற்ற என்னை அழைத்திருந்தனர். மேடையிலே இரு ஆசிரியர்கள். ஒருவர், ஐம்பதை நெருங்கிய அம்மையார். மற்றவர், பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்த நண்பர். நான் கல்லூரிக்குப் போய்ப் பாதியிலே திரும்பி, நாடகக் கொட்டகை வாயிலில் நின்றேன். அவர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குப் போய், முடித்து, தகுதித் தேர்வு எழுதி, வென்று, 2012 இல் வேலைக்கு வந்தார். இருவருக்கும் ஒரே நிறத்தில் சால்வை. ஒரே அளவில் சந்தனமாலை. ஒரே ஓசையில் கைதட்டல். நானும் என் பங்குக்கு, ஏணி என்றேன், தோணி என்றேன், மெழுகுத்திரி என்றேன்! சொல்லுக்குத்தான் நம் நாட்டில் வரியில்லையே!

விழா முடிந்தது. அந்த அம்மையார் என்னருகே வந்தார். "தம்பி! ஒரே மாதிரி மாலை போட்டீர்கள், மகிழ்ச்சி. ஆனால் மாதக் கடைசியில் வந்து பாருங்கள். அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து வகுப்புத்தான். அவருக்கும் அதே சாக்கட்டி, அதே பிள்ளைகள், அதே பாடம். சம்பள நாளில் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது" என்றார்.

கவனியுங்கள் தோழர்களே! குறைவாகப் பெறுபவர் குமுறுவது உலக இயல்பு. மிகுதியாகப் பெறுபவர் கூசுகிறார் என்றால், அங்கே ஏதோ ஓர் அநீதி நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறது என்று பொருள்!

அந்த அநீதியின் பிறந்தநாளைக் கூறுகிறேன். 2009 ஆம் ஆண்டு, ஜூன் முதல் நாள்.

ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளைத் தமிழ்நாட்டு அரசு நடைமுறைப்படுத்திய நேரம். அதற்கு முன்பு, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கும் இடைநிலை ஆசிரியரின் தொடக்க ஊதியம் 4,500 ரூபாய். பணியில் இருந்தவர்கட்கு அதனை 1.86 ஆல் பெருக்கினர், 8,370 ஆயிற்று. நல்லது, வரவேற்போம். ஆனால் 2009 ஜூன் முதல் நாளும் அதற்குப் பின்னரும் பணியேற்றவர்கட்கு, பெருக்கல் இல்லை, பேச்சும் இல்லை. புதிய ஊதியக் கட்டின் அடித்தளமான 5,200 ரூபாயில் கொண்டுபோய் நிறுத்தினர். தர ஊதியம் இருவருக்கும் 2,800. ஆக, மே 31 இல் பணியில் இருந்தவருக்கு அடிப்படை 11,170 ரூபாய். மறுநாள் பணியேற்றவருக்கு 8,000 ரூபாய். இடைவெளி, மாதம் 3,170 ரூபாய். அகவிலைப்படி இந்த அடிப்படையின் மீதே கணக்கிடப்படுவது. ஆகவே படி ஏற ஏறப் பள்ளமும் ஆழமாயிற்று.

என்ன குற்றம் செய்தார் அந்த இரண்டாமவர்? பாடம் நடத்தவில்லையா? நடத்தினார். பயிற்சி பெறவில்லையா? பெற்றார். முன்னவர் எழுதாத தகுதித் தேர்வொன்றையுங்கூட, பின்னர் வந்தோர் எழுதித் தேறினர். பின் என்னதான் குற்றம்? ஒரு நாள் பிந்தினார்! அவ்வளவுதான் தோழர்களே, ஒரு நாள் பிந்தினார்!

"எங்கேனும் ஓரிடத்தில் கோடு கிழிக்கத்தானே வேண்டும்?" என்று கேட்பார் உண்டு. கேட்கட்டும். பணியில் இருந்தோரின் ஊதியம் குறையாமல் காத்தது முறையே. ஆனால், நேற்றுவரை அந்தப் பணிக்கென்று இருந்த மதிப்பை, புதிய கணக்கில் 8,370 பெறும் மதிப்பை, ஓர் இரவிலே 5,200 ஆக்கியது எந்த முறை? ஆளுக்காகவா ஊதியம், வேலைக்காகவா? வேலைக்காக எனில், வேலை மாறவில்லையே, நாட்காட்டியின் தாள்தானே மாறிற்று! நடுவணரசின் பள்ளிகளில் தொடக்க வகுப்பு ஆசிரியருக்கு அதே ஆறாவது குழு தந்தது 9,300 மும் தர ஊதியம் 4,200 மும். ஏழாவது ஊதியக் குழு வந்தது. அங்கே தொடக்க ஊதியம் 35,400 ரூபாய். இங்கே, 2017 இல் அறிவிக்கப்பட்டபோது, 20,600 ரூபாய். அடித்தளம் கோணியதால் மாடியும் கோணிற்று!

"கருவூலத்தில் பணமில்லை" என்பர். அந்தப் பாட்டு பழைய பாட்டு. எத்துணைப் பழையது தெரியுமா?

1822 ஆம் ஆண்டு, சென்னை மாகாணக் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுத்து அனுப்புமாறு கலெக்டர்களுக்கு ஆணையிட்டார். கணக்கு வந்தது. மாகாணத்தில் 12,498 பள்ளிகள். 1826 மார்ச்சுத் திங்களில் அவர் எழுதிய குறிப்பிலே, ஆசிரியர்கள் பொதுவாக மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை என்றும், தகுதியுடையோரை இத்தொழிலுக்கு வரச் செய்ய இத்தொகை போதாது என்றும் வரைந்தார். தாலுகாப் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாயும், மாவட்டத் தலைமைப் பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாயும் மாதச் சம்பளமாகத் தரலாம் என்றும் பரிந்துரைத்தார்.

நம்மை அடிமைகொண்ட கும்பெனியின் கவர்னர் அவர்! வரி வசூலிலே கண்ணாயிருந்த ஆட்சி அது! அந்த ஆட்சியின் தலைமை அதிகாரிக்கே, கூலி குறைந்தால் தகுதியுள்ளோர் கல்வித்தொழிலுக்கு வாரார் என்று விளங்கிற்று. இருநூறு ஆண்டுகள் உருண்டோடிய பின்னரும், நம்மிலே சிலருக்கு அது விளங்காதது ஏன்?

பணமில்லை என்றே வைத்துக்கொள்வோம். வறுமை வந்த வீட்டிலே அண்ணனுக்கும் தம்பிக்கும் கஞ்சிதான் என்றால், அது வறுமை. அண்ணனுக்குச் சோறு, தம்பிக்குக் கஞ்சி, இருவருக்கும் ஒரே வயலில் உழவு என்றால், அதற்குப் பெயர் வறுமையன்று, ஓரவஞ்சனை! கருவூலத்தின் ஏழ்மை, ஊதியம் குறைவாக இருப்பதற்குக் காரணம் காட்டலாம். ஊதியம் சமமின்றி இருப்பதற்குக் காரணம் காட்ட இயலாது.

இனி, "என்ன வேலை செய்கிறார்கள்?" என்ற கேள்வி. ஈராசிரியர் பள்ளியொன்றுக்கு ஒருநாள் சென்று பாருங்கள். ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். முதல் வகுப்புக்கு 'அ' எழுதிப்போட்டுவிட்டு, மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கு. இடையிலே அழும் குழந்தைக்கு மூக்குத் துடைத்தல். வருகைப் பதிவைக் கைப்பேசியில் ஏற்றுதல். விலையில்லாப் புத்தகம், சீருடை, காலணி, இவற்றின் கணக்கு. இத்தனைக்கும் நடுவே தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தால் வீட்டுக்கு வீடு படியேற்றம்.

இதிலே இன்னுமொரு வேடிக்கை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது எந்த ஆண்டு? அதே 2009! ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்திப் பொருள் ஈட்டலாகாது என்று அந்தச் சட்டத்தின் 28 ஆம் பிரிவு விதித்தது. விதித்தது சரியே, குழந்தைகளின் நலன் கருதி நாமும் ஏற்போம். மக்கள்தொகைக் கணக்கு, பேரிடர்ப் பணி, தேர்தல் தவிரப் பிற வேலைகட்கு ஆசிரியரை ஏவலாகாது என்று 27 ஆம் பிரிவு கூறிற்று. வேறு வருவாய்க்கு வழியடைத்தது ஒரு கை. அதே ஆண்டிலே, உள்ள வருவாயைக் குறைத்தது இன்னொரு கை! வாயைக் கட்டிவிட்டு வயிற்றிலும் அடித்தால் எப்படித் தாங்குவார் தோழர்களே?

இவராவது நிரந்தரப் பணியினர். பகுதிநேர ஆசிரியர்கள் என்றொரு கூட்டம் உண்டு. ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி கற்பிக்க, வாரத்தில் மூன்று அரைநாள் என்று கூறி, 2012 இல் பணியமர்த்தினர். 16,549 இடங்கள். மாதம் 5,000 ரூபாய். மே மாதத்திற்கு அதுவும் இல்லை. மே மாதத்தில் பசிக்கும் விடுமுறை போலும்! பதினோர் ஆண்டுகள் கேட்டுக் கேட்டு, 2023 அக்டோபரில் 12,500 ஆக உயர்த்தி அறிவிப்பு வந்தது. பகுதிநேரம் என்று பெயர்; ஆனால் அவர்தம் வாழ்நாளிலே பெரும்பகுதி அதிலேயே கரைந்தது.

சட்டம் என்ன கூறுகிறது? அரசமைப்புச் சட்டத்தின் 39 ஆம் பிரிவு, ஆணும் பெண்ணும் சமவேலைக்குச் சம ஊதியம் பெற வேண்டுமெனக் கட்டளையிடுகிறது. 1982 இல் ரண்தீர் சிங் வழக்கில், அதை வெற்று முழக்கமென ஒதுக்க இயலாது என உச்சநீதிமன்றம் உணர்த்திற்று. 2016 இல் பஞ்சாப் அரசின் தற்காலிக ஊழியர் வழக்கிலும் அக்கோட்பாட்டை நிலைநாட்டிற்று. 2025 ஆகஸ்டில், குஜராத்தின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர் வழக்கில், குருவைப் பிரம்மா, விஷ்ணு, மகேசுவரன் என விழாக்களில் ஓதினால் மட்டும் போதாது, அந்த நம்பிக்கை ஆசிரியரை நடத்தும் விதத்தில் தெரியவேண்டும் என்னும் கருத்தை நீதிபதிகளே வெளியிட்டனர். நாம் மேடையில் ஆண்டாண்டு காலமாய்ப் பேசியது நீதிமன்றத்திலும் ஒலிக்கக் கேட்டோம்!

ஆட்சியாளர்? அவர்கள் நிலை என்ன? குறை பிறந்தது ஓர் ஆட்சியில். அதை வளர்த்தது மற்றோர் ஆட்சி. 2018 டிசம்பரில் அந்த ஆசிரியர்கள் குடும்பத்தோடு சென்னையில் உண்ணாநோன்பு இருந்தனர். பலர் மயங்கி விழுந்தனர். 2021 தேர்தலில் வாக்குறுதி கிடைத்தது. 2022 டிசம்பரில் மீண்டும் உண்ணாநோன்பு. 2023 புத்தாண்டு நாளில், ஆராய மூவர் குழு. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் மீண்டும் அறப்போர். அக்டோபரில் வளாகத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டனர். எக்கொடி பிடித்தவராயினும் சரி, நாமேயாயினும் சரி, கொடுத்த வாக்குறுதி கடன். கடனுக்கு வட்டி உண்டு. ஆசிரியர் இழந்த ஆண்டுகளே அந்த வட்டி. குறை எந்நாளில் தீர்ந்தாலும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திற்குக் கைமாற்று வாங்கிய அந்த மாதங்கள் திரும்பப் போவதில்லை!

இறுதியாக, முறுவலித்த தோழர்கட்கு நான் கடன்பட்ட விடை.

என் முதல் நாடகத்திலே ஒரு வாத்தியார் பாத்திரம் படைத்தேன். கிழிந்த குடை, ஒட்டுப்போட்ட செருப்பு, சம்பளநாளில் கடன்காரனைக் கண்டு சந்துக்குள் ஒளியும் நடை. கொட்டகை அதிரச் சிரித்தார்கள். எனக்கு ஆறாம் வகுப்பில் தமிழ் கற்பித்த ஆசிரியர் அன்று வந்திருந்தார். திரை விழுந்ததும் அவரை வணங்கினேன். "வசனம் நன்றாயிருக்கிறது தம்பி. அந்தக் குடை ஏன் கிழிந்திருக்கிறது என்று ஒரு காட்சி வைத்திருக்கலாமே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கையில் அவரது குடை இருந்தது. அதைப் பார்க்கும் துணிவு எனக்கு வரவில்லை.

அந்தக் காட்சியைத்தான் தோழர்களே, இன்று உங்கள் முன் நடித்துக் காட்டினேன்.

நம்மிலே பலர், பரம்பரையில் முதன்முதலாகப் பள்ளிப்படி ஏறிய தலைமுறையினர். நம் தந்தைமாருக்குக் கைநாட்டு, நமக்குக் கையெழுத்து. அந்த இடைவெளியைக் கடக்க வைத்தவர் யார்? சால்வைக்கு ஏங்கியவர் அல்லர்; சாக்கட்டித் தூளை விழுங்கியவர். நாளைக் காலை தேநீர்க் கடையிலே, "வாத்தியார்களுக்கா குறை?" என்று எவரேனும் தொடங்கினால், சிரிக்காதீர்கள். ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரே வேலைக்கு இரண்டு கூலி கொடுக்கும் முதலாளியை நீர் என்னவென்று அழைப்பீர்?" விடை வரும். அந்த விடையைச் சட்டமன்றத்தின் வாயில்வரை கொண்டு செல்வது நம் வேலை.

மாலைகள் போதும், தோழர்களே! மாலை மறுநாள் வாடும். உரியதை உரியநாளில் கொடுப்போம். ஒரு நாள் பிந்தியவர் அவரல்லர். இத்தனை ஆண்டுகள் பிந்தியவர்கள் நாம்!