யாருக்குப் பிறந்தாய், எங்கே பிறந்தாய்?

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியமட்டும் மாற்றப்படவில்லை.)



அரசியல் சட்டம் பற்றிப் பேச வக்கீலைக் கூப்பிடாமல் ஒரு பேங்க் கிளார்க்கைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் சட்டம் படித்தவனில்லை. பகலில் விண்ணப்பப் படிவம் படிக்கிறவன், ராத்திரியில் கவிதை எழுதுகிறவன். ரெண்டு வேலைக்கும் பொதுவான விதி ஒண்ணு உண்டு. வரியில் இருப்பதைப் படிக்கணும், இல்லாததைச் சேர்த்துப் படிக்கக் கூடாது. அந்தத் தகுதியில்தான் அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஒரே ஒரு வரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சம்பவம். எங்கள் கிளையில் என் பக்கத்து சீட்டில் ஒரு சீனியர். உதவி செய்கிற மனுஷர். சாயங்காலம் கணக்கு உதைத்தால் கூட உட்கார்ந்து பார்த்துக் கொடுப்பார். ஆனால் 'பிறப்பை வெச்சு எவனுக்கும் எதுவும் குடுக்கக் கூடாது, திறமையைத்தான் பாக்கணும்' என்பது நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் டீ நேரத்தில் சொல்லும் வசனம். சொல்லும்போது என் பக்கம் மட்டும் பார்க்க மாட்டார். அவருடைய பையன் அமெரிக்காவில் வேலை விசாவில் இருக்கிறான். மருமகளுக்கு 2025 மார்ச்சில் பிரசவம். ஜனவரி கடைசியில் ஒருநாள் முகமெல்லாம் வெளிறி வந்தார். 'அங்க பொறக்கிற கொழந்தைக்கு அந்த நாட்டு உரிமை கெடையாதாம்ப்பா. பொறப்புரிமை இல்லியா அது? இது என்ன நியாயம்?' என்றார்.

வாய்வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. 'கொழந்தை நல்லபடியா பொறக்கட்டும் சார்' என்றேன்.

ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர் கிடக்கட்டும், நான் எந்தப் பக்கம்? பிறப்பு என்கிற சொல்லாலேயே அடிபட்டவர்கள் நாம். பிறந்ததால் சேரி, பிறந்ததால் பறை, பிறந்ததால் மலம். அப்படிப்பட்ட நாம் பிறப்பால் உரிமை என்கிற சட்டத்தின் பக்கம் நிற்க முடியுமா? இந்தக் கேள்வியோடுதான் அந்த வரியைப் படிக்க ஆரம்பித்தேன்.

அந்த வரி வந்த கதையைப் பார்ப்போம். டிரெட் ஸ்காட் என்கிற கறுப்பின அடிமை. அடிமை முறை இல்லாத பகுதிகளில் பல வருஷம் வாழ்ந்ததால் நான் சுதந்திர மனிதன் என்று 1846இல் மிசௌரியில் வழக்குப் போட்டான். 1857இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி டேனி எழுதினார்: ஆப்பிரிக்க வழி வந்தவன், அடிமையானாலும் விடுதலை பெற்றவனானாலும், அமெரிக்கக் குடிமகன் ஆக முடியாது, அதனால் இந்த நீதிமன்றத்தில் வழக்குப் போடவே அவனுக்கு உரிமை இல்லை.

டேனி எப்படி வாசித்தார் என்பதைக் கவனிங்க. அரசியல் சட்டத்தை எழுதிய காலத்தில் வெள்ளைக்காரர்கள் கறுப்பரை எப்படி நினைத்தார்களோ அதுதான் சட்டத்தின் பொருள் என்றார். 'அன்றைக்கு எழுதியவர்கள் மனசில் என்ன இருந்தது' என்கிற இதே கேள்வியைத்தான் இன்றைக்கும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கே டேனி சொன்ன பதில் தப்பு. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய கர்ட்டிஸ், அந்த நாடு உருவான காலத்திலேயே ஐந்து மாநிலங்களில் சுதந்திரக் கறுப்பர் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்காட்டினார். ஓட்டுப் போட்டவர்களின் மனசு மட்டும் எழுதியவர்கள் கணக்கில் வராமல் போனது எப்படி? யாருடைய மனசை மூல மனசு என்று எடுப்பது என்பதிலேயே அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது.

பிறகு உள்நாட்டுப் போர். அடிமை முறை ஒழிந்தது. 1868இல் 14ஆவது திருத்தம் நிறைவேறியது. அதன் முதல் வரியின் சாரம் இதுதான்: அமெரிக்காவில் பிறந்தவர்கள், அல்லது அங்கே குடியுரிமை வழங்கப்பட்டவர்கள், அதன் அதிகார வரம்புக்கு உட்பட்டவர்கள் எல்லாரும் அமெரிக்கக் குடிமக்கள்.

படிவம் படிக்கிறவனாகப் படிக்கிறேன். இந்த வரியில் அப்பா பெயர் என்கிற கட்டம் இல்லை. அம்மா எந்த விசாவில் வந்தாள் என்கிற கட்டம் இல்லை. நிறம் இல்லை, மதம் இல்லை. டேனி கேட்டது 'நீ யாருக்குப் பிறந்தாய்?' இந்த வரி கேட்பது 'நீ எங்கே பிறந்தாய்?' இந்த ரெண்டு கேள்விக்கும் இடையிலான தூரத்தை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் உலகத்தில் யாரும் இல்லை. சாதி கேட்பது எப்போதும் முதல் கேள்வியைத்தான். இடத்தைக் கேட்பதுபோல் 'எந்தத் தெரு?' என்று விசாரித்தாலும் உள்ளே இருப்பது அதுதான். நம்மை ஒடுக்கிய பிறப்பும் இந்த வரி சொல்லும் பிறப்பும் ஒரே சொல், வேறு வேறு பொருள். ஒன்று வம்சத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது. மற்றது வம்சத்தை வாசலிலேயே இறக்கி வைக்கச் சொல்கிறது. என் ராத்திரிக் கேள்விக்கு முதல் பதில் இங்கே கிடைத்தது.

சண்டை நடப்பது 'அதிகார வரம்புக்கு உட்பட்ட' என்கிற சொற்களில். 2025 ஜனவரி 20, பதவியேற்ற அன்றே அதிபர் ட்ரம்ப் ஓர் ஆணை போட்டார். தாய் அனுமதியில்லாமல் இருப்பவள், அல்லது படிப்பு, வேலை, சுற்றுலா போன்ற தற்காலிக அனுமதியில் இருப்பவள். தகப்பனும் குடிமகனோ நிரந்தரக் குடியிருப்பு பெற்றவனோ இல்லை. அப்படியானால் பிள்ளை குடிமகன் இல்லை. முப்பது நாளுக்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளுக்கு இது பொருந்தும் என்றது ஆணை. மூன்றாம் நாளே சியாட்டிலில் ஒரு நீதிபதி தடை கொடுத்தார். ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம், கீழ் நீதிமன்றங்கள் நாடு முழுமைக்கும் தடை போடுவதைச் சுருக்கியது. ஆணை சரியா தப்பா என்பதை அன்று அது தொடவில்லை. ஜூலையில் நியூ ஹாம்ப்ஷயரில் குழந்தைகள் எல்லாரையும் ஒரே தரப்பாகச் சேர்த்து இன்னொரு தடை வந்தது. டிசம்பர் 5 அன்று மூலக் கேள்வியையே உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. நான் பேசவந்தது வாதத்தைப் பற்றி.

ஆணைக்கு ஆதரவான வாதத்தை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வரி விடுதலையான அடிமைகளுக்காக எழுதப்பட்டது. வரம்புக்கு உட்படுவது என்றால் சட்டத்துக்குக் கட்டுப்படுவது மட்டும் ஆகாது, முழு விசுவாசமும் வேணும். 1884இல் ஜான் எல்க் என்கிற பூர்வகுடி, தன் இனக்குழுவை விட்டு ஒமாஹா நகரத்தில் வாழ்ந்தவர், ஓட்டுரிமை கேட்டபோது, அந்த மண்ணிலேயே பிறந்தும் அவர் குடிமகன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் பிறப்பு மட்டும் போதாது. இதுதான் வாதம். லேசான வாதம் இல்லை.

ஆனால் 1866 மே 30 அன்று செனட்டில் நடந்த விவாதத்தைப் பாருங்கள். வரியைக் கொண்டுவந்தவர் ஹோவர்ட். இதில் சேராதவர்கள் யார் என்று சொல்லும்போது அயலார், அந்நியர், தூதர் குடும்பத்தார் என்று அடுக்குகிறார். இது மூன்று கூட்டமா, ஒரே கூட்டத்தை மூன்று சொல்லால் சொன்னதா? ஒரு காற்புள்ளியை வைத்து இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. கவிதைக்காரன் சந்தோஷப்படலாம். ஆனால் அதே நாளில் பென்சில்வேனியாவின் கோவன் எழுந்து, அப்போ கலிபோர்னியாவில் சீனர் பெற்ற பிள்ளையும் குடிமகனா, எங்க மாநிலத்து ஜிப்சிகள் பிள்ளையும் குடிமகனா என்று கேட்டார். கலிபோர்னியாவின் கான்னஸ் ஆமாம் என்றார். அவரே அயர்லாந்தில் பிறந்து பிழைக்கப் போனவர். ஆகவே விளைவு தெரியாமல் யாரும் ஓட்டுப் போடவில்லை. எழுதியவர் மனசைப் பார் என்கிறவர்கள் இந்தப் பக்கத்தையும் புரட்டணும்.

இன்னொன்று. அன்றைக்குச் சட்டவிரோதமாக வந்தவர்கள் கிடையாது, அதனால் அவர்கள் பிள்ளைகள் இதில் வரமாட்டார்கள் என்கிறார்கள். கிடையாதா? 1808இலிருந்தே வெளியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது அங்கே சட்டவிரோதம். அதற்குப் பிறகும் கடத்தி வந்தார்கள். 1860இல் க்ளோட்டில்டா என்கிற கப்பல் அலபாமாவில் இறக்கிய மனுஷர்கள் சட்டப்படி அந்த நாட்டுக்குள் வந்திருக்கவே கூடாதவர்கள். அவர்களும் அவர்களைப்போலக் கடத்தப்பட்டவர்களும் அங்கே பெற்ற பிள்ளைகளையும் சேர்த்துத்தான் அந்த வரி குடிமக்கள் என்றது. குற்றம் கடத்தியவனுடையது, பிள்ளையினுடையது இல்லை.

அடுத்து வோங் கிம் ஆர்க். 1873இல் சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். சமையல்காரர். 1895இல் சீனா போய்த் திரும்பினால் நீ குடிமகன் இல்லை என்று துறைமுகத்தில் இறங்க விடவில்லை. மாசக்கணக்கில் கப்பல் கப்பலாக மாற்றி வைத்திருந்தார்கள். 1898இல் 6க்கு 2 என்று அவர் ஜெயித்தார். தீர்ப்பு எழுதிய நீதிபதி கிரே ஓர் உண்மையைப் போட்டு உடைத்தார்: சீனன் பிள்ளையைத் தள்ளினால், இங்கிலாந்து, அயர்லாந்து, ஜெர்மனியிலிருந்து வந்தவர்களின் ஆயிரக்கணக்கான பிள்ளைகளையும் தள்ள வேண்டிவரும். ஒருத்தனுக்குப் போட்ட பூட்டு எல்லார் வீட்டுக் கதவுக்கும் பொருந்தும்.

இதில் நமக்கு ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. மாறுபட்ட பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர் ஹார்லன். ரெண்டு வருஷம் முன்னால், 1896இல், ரயில் பெட்டியில் கறுப்பரைத் தனியே வைக்கலாம் என்று மற்ற நீதிபதிகள் சொன்னபோது ஒற்றை ஆளாக எதிர்த்த அதே ஹார்லன். எல்க் வழக்கிலும் எதிர்த்தவர். கறுப்பருக்காக நின்றவர் சீனரிடம் வந்ததும் நின்றுவிட்டார். அந்தப் பக்கம் கிரேயைப் பாருங்கள். ரயில் வழக்கில் பிரித்து வைத்தவர்களோடு சேர்ந்தவர், எல்க்கைத் தள்ளி எழுதியதும் அவர்தான். ஒவ்வொருத்தருக்கும் கீழே ஒரு படி தேவைப்படுகிறது. அம்பேத்கர் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்று சொன்னது இந்தியாவுக்கு மட்டும் இல்லை.

நம்ம ஊர் ஆளும் அங்கே போய் அந்தப் படியைக் காட்டியிருக்கிறார். 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கு. வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வழியினருக்கும் மட்டுமே குடியுரிமை வழங்கலாம் என்றிருந்த காலம். நாங்கள் உயர்சாதி, ஆரியர், ஆகவே வெள்ளையர் என்று வாதம். நீங்கள் கறுப்பரோடு மண உறவு கொள்ளாததுபோல நாங்களும் எங்கள் நாட்டுப் பூர்வகுடிகளோடு கொள்வதில்லை என்று மனுவிலேயே எழுதினார்கள். சாதியைச் சான்றிதழாக நீட்டினார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. அதற்குப் பிறகு பல இந்தியர்களின் குடியுரிமை பறிபோனது. ஆனால் அங்கே அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளின் உரிமையை யாராலும் தொட முடியவில்லை. உயர்சாதிப் பிள்ளையைக் காப்பாற்றியது ஆரிய ரத்தம் கிடையாது. அடிமைகளின் விடுதலையில் பிறந்த வரி, சீனச் சமையல்காரன் ஜெயித்த வழக்கு. என் சீனியரிடம் சொல்ல நினைத்தது இதைத்தான்.

'யாருக்குப் பிறந்தாய்' என்று சட்டம் கேட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அதைத்தான் கேட்டது. அங்கேயே பிறந்தாலும் தகப்பனும் அங்கே பிறந்ததாகக் காகிதம் காட்டு என்றது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறப்பை எவன் பதிந்து வைத்தான்? ஏறக்குறைய ஏழு லட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். பெரும்பகுதி நம்ம சனங்க. 1964இல் ரெண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பங்கு போட்டார்கள்.

மலைப்பக்கம் ஒரு கிளையில் வேலை பார்த்தபோது ஒரு பெரியவர் கணக்குத் தொடங்க வந்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றிய பழைய காகிதம். பிறந்த இடம் என்ற கட்டத்தில் எழுதப்போனேன். 'என்னான்னு எழுதுவீங்க சார்? அங்க கள்ளத்தோணின்னாங்க. இங்க சிலோன்காரன்ங்கறாங்க' என்றார். அவர் பிறந்தது நுவரெலியா பக்கம் ஒரு தோட்டம். எழுதினேன். கை நடுங்கியது எனக்குத்தான்.

இந்தியாவும் அந்த வழியில்தான் நடந்திருக்கிறது. 1955 சட்டப்படி, 1950 ஜனவரி 26க்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்தால் போதும். 1987 ஜூலை 1லிருந்து பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்கணும். 2004 டிசம்பர் 3லிருந்து மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராகவும் இருக்கக் கூடாது. எங்கே என்பதிலிருந்து யாருக்கு என்பதற்கு, படிப்படியாக. முகாமில் பிறந்த ஈழத்துப் பிள்ளையைக் கேளுங்கள். 1987 ஜூனில் பிறந்த அண்ணனுக்கு ஒரு சட்டம், அடுத்த வருஷம் பிறந்த தங்கைக்கு வேறு சட்டம்.

அந்த ஒரு வரியால் கறுப்பரின் துயரம் தீர்ந்ததா? தீரவில்லை. குடிமகன் என்று எழுதிய பிறகும் தனி ரயில் பெட்டி, தூக்குக் கயிறு. நாமும் காகிதப்படி குடிமக்கள்தான். சுடுகாட்டுப் பாதைக்கு இன்னும் மனுப் போடுகிறோம். அப்புறம் எதுக்கு இந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கணும் என்று நீங்கள் கேட்கலாம்.

அங்கேயும் கேட்டார்கள். 1854 ஜூலை 4 அன்று கேரிசன் என்கிற அடிமை ஒழிப்புப் போராளி அமெரிக்க அரசியல் சட்டத்தைக் கூட்டத்தில் வைத்துக் கொளுத்தினார். அவரோடு இருந்த ஃபிரெடரிக் டக்ளஸ், அடிமையாகப் பிறந்தவர், வேறு வழி எடுத்தார். இந்தச் சட்டத்தை எசமானன் வாசித்தபடி நான் ஏன் வாசிக்கணும், என் விடுதலைக்காக வாசிப்பேன் என்பது அவர் நிலை. நம் அம்பேத்கர் ரெண்டாகவும் இருந்தார். எழுதியவரும் அவர், 1953இல் மாநிலங்களவையில், இதை எரிக்க முதல் ஆளாக வருவேன் என்றவரும் அவர். எரிக்கும் கோபம் இல்லாதவனுக்கு வாசிக்கவும் வராது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

மார்ச்சில் சீனியருக்குப் பேத்தி பிறந்தாள். ஆணை தடையில் இருந்ததால் குழந்தை குடிமகள் ஆனது. கிளை முழுக்க ஸ்வீட் கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன், மனசாரத்தான். டீ நேரத்து வசனம் அதற்குப் பிறகு நின்றுவிட்டது என்று சொல்ல ஆசை. நிற்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் நான் என் டம்ளரைப் பார்ப்பதில்லை. அவர் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்கிறேன்: 'பேத்தி எப்படி இருக்கா சார்? எங்க பொறந்தா?'