எந்த மணி காவல்?

நடுவர் அவர்களே! செங்கல்பட்டில் என் அம்மா தனியாக இருக்கிறார். அந்த வீட்டில் இரண்டு மணி உண்டு. ஒன்று, சுவரில் இருக்கிற அலாரம் மணி. இன்னொன்று, வாலாட்டுகிற மணி!

அலாரம் பல்லி ஓடினாலும் கத்துகிறது. பக்கத்து வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு தூங்குகிறார்!

மாமல்லபுரச் சிற்பத்தில் பூனை தவம் செய்கிறதே, எலிகளும் நம்பி நிற்கின்றனவே! திருடனும் அப்படித்தாங்க வருவான். அந்த வேஷத்தை நாய் மோந்தே கண்டுபிடித்துவிடும்.

7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் எருமைகளைக் காக்கப் போராடி விழுந்தான் ஒரு வீரன். அவன் நடுகல்லில், கள்வரைக் கடித்த நாய்க்கும் இடம் கொடுத்துப் பெயரும் வெட்டினார்கள்: கோவிவன்! எந்த மெஷினுக்கு ஐயா நடுகல் வைப்பீர்கள்?

நடுராத்திரி பயந்து எழுந்தால், அம்மாவின் காலடியில் வந்து படுப்பது எந்த மணி? தீர்ப்பை அவரிடமே கேளுங்கள்!