மடல்களில் வாழும் வம்சாவளி



புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் இல்லங்கள் பலவற்றில் அலுமாரியின் மேல்தட்டில் பழைய பிஸ்கட் பேணி ஒன்று இருக்கும். அதனுள்ளே நீல நிற வான்கடிதங்கள். தலைப்பில் பிள்ளையார் சுழி. 'நலம், நலமறிய ஆவல்'. பின்னர் ஊர்ப் புதினம். பசு கன்று ஈன்றது, மாமிக்கு முழங்கால் நோவு, மண்ணெண்ணெய் விலை ஏறிவிட்டது. வரலாறு என்று எண்ணி எவரும் இவற்றை எழுதவில்லை. ஆயினும் குடும்பங்கள் பலவற்றுக்கு எஞ்சிய ஆவணம் இதுவே.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறியபோது, பிள்ளைகளையும் கையில் அகப்பட்ட பையையுமே கொண்டு சென்றனர். உறுதிகளும் படங்களும் சாதக ஓலைகளும் பல வீடுகளோடு அழிந்தன. வன்னிக்குக் கொண்டு சென்றவற்றுள்ளும் பல 2009இல் தொலைந்தன. முன்னரே கடல் கடந்த கடிதங்கள் மட்டும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் தப்பின. அவற்றை 'வெறும் வீட்டுக் கதை' என்று கழித்துவிடுவோர் இன்றும் உளர். அது பெரும் இழப்பு.

இக்கடிதங்களை வாசிக்கும் இளையோர்க்கு முதல் இடர் பெயர்களே. 'பெரியண்ணை', 'மணியக்கா', 'கிழக்கு வீட்டு மாமி' என்றே எழுதுவர். மனைவி கணவன் பெயரை எழுதமாட்டாள். 'இவர்' அல்லது 'பிள்ளையின் அப்பா' என்பாள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலோ வேறு பெயர். தந்தை பெயரே முதலெழுத்தாவதால் குடும்பப் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஆகவே முறைப்பெயரை இயற்பெயரோடு இணைக்கத் தெரிந்த மூத்தவர் உள்ளபோதே கேட்டெழுத வேண்டும்.

கடிதத்தில் 'திவசம் முடிந்தது' என்ற ஒரு வரி கண்டால் அதை விட்டுவிடலாகாது. இறந்தவருக்கு அந்தியேட்டியன்று வெளியிட்ட 'கல்வெட்டு' எனும் சிறு நூல் எங்கேனும் இருக்கக்கூடும். வாழ்க்கை வரலாறும் திதி வெண்பாவும் மட்டுமன்றி, வம்சாவளியும் பலவற்றில் அச்சாகியிருக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் இத்தகைய நினைவு மலர்கள் பல உள்ளன. வெண்பாவில் வரும் ஆண்டுப் பெயரை மட்டும் அவதானமாகக் கணிக்க வேண்டும்: பிரபவ ஆண்டு 1927இலும் வந்தது, 1987இலும் வந்தது. அறுபதாண்டுப் பிழை அப்பனைப் பேரனாக்கிவிடும்.

வம்சாவளிகள் பெரும்பாலும் ஆண்வழியே செல்வன. பெண்கள் 'மனைவி' என்ற சொல்லுள் மறைந்துவிடுவர். அவர்களை மீட்டுத் தருவது சீதன உறுதி. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையின்படி தாயின் சீதனம் மகளுக்குச் சென்றது. எனவே காணித்துண்டு ஒன்றின் உறுதிகளைப் பின்னோக்கிப் பார்த்தால் அம்மம்மா, அவர் தாயாராகிய பூட்டி என்று பெண்வழி வெளிப்படும். காணிப் பெயர் தெரியாமல் உறுதியைத் தேடுவது கடினம். அப்பெயரோ, 'இன்ன வளவுத் தென்னை காய்த்தது' என்று கடிதத்தில் சாதாரணமாகக் கிடக்கும்.

ஊரிலுள்ள உறவினருக்கு வினாப் பட்டியல் அனுப்புவோர் உண்டு. பயன் சிறிது. 'உங்கள் பேரனார் பெயர் என்ன?' என்றால் ஒரு சொல்லே விடையாக வரும்; அதற்கு மேல் 'இதெல்லாம் ஏன், காணி விற்கப் போகிறீர்களோ?' என்ற ஐயமும் வரும். மாறாக, இங்குள்ள பனியையும் பிள்ளையின் பரீட்சையையும் எழுதிவிட்டு, 'கிணற்றடிப் பலாவை நட்டது யார், சித்தி?' என்று கேட்டால் மூன்று தலைமுறை வந்து சேரும். வட்ஸ்அப்பில் குரலாக வரும் விடையை அன்றே எழுத்தில் பதிந்து, சொன்னவர் பெயரும் திகதியும் இடுவது நன்று. கைபேசி மாறும்போது குரலும் போய்விடக்கூடும். படங்களின் பின்புறம் பென்சிலால் எழுதுக. மை ஊறிப் படத்தைக் கெடுக்கும்.