முகம் தெரியாத வேலைக்கும் நேர்முகம்



1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010-இல் ஒரகடத்தில் நிசான் என்று தொழிற்சாலைகள் வந்தபின், நம்ம பக்கம் நேர்முகத் தேர்வு என்றாலே ஷிப்ட் வேலைதான் ஞாபகம் வரும். பொழுதுபோக்குப் பூங்காவில் வேஷம் கட்டவும் தேர்வு உண்டுங்க. டிஸ்னி பூங்காக்களில் உயரத்தை அளப்பார்கள். உடைக்குத்தான் ஆள் பொருந்த வேண்டும். பிறகு வாய் திறக்காமல் நடித்துக் காட்டச் சொல்வார்கள்.

நமக்கு இது புதுசா என்ன? வி.ஜி.பி. சிலை மனிதரை மறக்க முடியுமா? யார் என்ன சேட்டை செய்தாலும் சிரிக்காமல், அசையாமல் நிற்பதே அவர் வேலை. காஞ்சிபுரம் பக்கத்துக் கூத்துக் கலைஞர்கள் கனத்த கட்டைகளை அணிந்து விடிய விடிய ஆடுகிறார்கள். உடம்பை அடக்கி ஆள்வதும் ஒரு படிப்புதான்.

தேர்வுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் மட்டும் கேள்வி கேட்டால் போதாது, நீங்களும் கேளுங்கள். பொம்மை உடைக்குள் வியர்வை உலராது. சித்திரை வெயிலில் எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை தலையைக் கழற்றலாம்? தண்ணீர் தருவார்களா? கூட ஒரு துணை ஆள் உண்டா? பதில் இழுபறியாக இருந்தால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வெளியே சிரிப்பது பொம்மை. உள்ளே மூச்சு விடுவது நம்ம வீட்டுப் பிள்ளை.