வீட்டுத் தையலும் குழந்தை உடையும்



மாதேஸ்வரன் மலைக்குச் சென்று வந்தோர் ஒன்றைக் கவனித்திருப்பர். மலை கர்நாடகத்தில் உள்ளது. ஆயினும் சந்நிதியில் கன்னடத்தோடு தமிழும் கலந்து ஒலிக்கிறது. அம்மலை அடங்கிய கொள்ளேகாலம் தாலுகா சென்னை இராஜ்யத்தின் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மைசூர் இராஜ்யத்தோடு சேர்ந்தது. மைசூர் ஜில்லாவில் இருந்த அப்பகுதி, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. நம்மில் பலர் பிழைப்பு நாடி ஊர் பெயர்ந்தோம். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களோ இருந்த இடத்தில் இருந்தவாறே வெளிமாநிலத்தார் ஆயின.

எங்கு வாழினும் ஒரு தேவை நம் எல்லோருக்கும் பொது. குழந்தை வளர்கிறது, உடை வளர்வதில்லை. மலைமேல் வாழ்வோர் நல்ல துணிக்கும் தையலுக்கும் காட்டுச் சாலை வழியே நெடுந்தொலைவு இறங்க வேண்டும். நகரத்திலோ, சிறு சட்டைக்குக் கொடுக்கும் கூலி சில சமயம் துணியின் விலையையே எட்டிவிடுகிறது. ஆதலின், ஓர் ஊசியும் நூலும் கத்தரியும் அளவு நாடாவும் கொண்டு வீட்டிலேயே தையல் பழகும் வழியை இன்று பார்ப்போம். இயந்திரம் பிறகு வரட்டும்.

முதற்பாடம் பை. 2013-இல் அம்மலைக்காடு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யாத்திரிகர் வீசும் பிளாஸ்டிக் உறை அங்குள்ள விலங்குகளுக்குக் கேடு. துணிப்பை அதற்கு நல்ல மாற்று. காடாத் துணியை ஓரிரவு நீரில் ஊறவைத்து உலர்த்திய பின்னரே வெட்ட வேண்டும். பருத்தி சுருங்கும் இயல்புடையது. 15 அங்குல அகலமும் 32 அங்குல நீளமும் உள்ள துண்டை இரண்டாக மடித்து, இருபக்கமும் அரை அங்குலம் விட்டுப் பின்தையல் போடுக. ஊசியை ஒவ்வொரு முறையும் சிறிது பின்னோக்கிக் குத்தி முன்னே எடுப்பதே பின்தையல்; அது பாரம் தாங்கும். வாயை ஓரங்குலம் மடித்துத் தைத்துக் காதுகளைச் சேர்த்தால், 14 அங்குல அகலமும் 15 அங்குல ஆழமும் உள்ள பை கிடைக்கும். நூல் ஒரு முழத்துக்குமேல் நீண்டால் சிக்கும் என்பதையும் இப்பாடத்திலேயே அறிந்துவிடுவோம்.

இரண்டாம் பாடம் கைக்குழந்தையின் ஜப்லா. பலமுறை துவைத்து மென்மையான பழைய வேட்டி இதற்கு மிக உகந்தது. குழந்தைக்கு நன்றாகப் பொருந்தும் சட்டையொன்றைத் துணிமேல் விரித்து, சுற்றிலும் முக்கால் அங்குலம் கூட்டிக் கோடிட்டு வெட்டலாம். தையல் விளிம்பு மேனியை உறுத்தாதபடி வெளிப்புறம் அமைய வேண்டும். பொத்தான் வேண்டா, அது கழன்றால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். முதுகில் முடியும் நாடாக்கள் குட்டையாகவே இருக்கட்டும். வேலை தொடங்குமுன் ஊசிகளை எண்ணுவது போலவே முடிந்த பின்னும் எண்ணி டப்பாவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது சிறுமியின் பாவாடை. இடுப்புச் சுற்றளவைப்போல் இரண்டரை மடங்கு அகலம் எடுத்தால் கொசுவம் அழகாக விழும். பள்ளி செல்லும் வயதில் குழந்தை ஆண்டுக்கு ஏறத்தாழ 2 அங்குலம் உயர்கிறது. ஆகவே கீழ்ப்புறத்தில் அரை அங்குல மடிப்புகள் இரண்டு வைத்துத் தைப்போம். ஒவ்வொன்றும் ஓரங்குலத் துணியை உள்ளே அடக்கிக்கொள்ளும். அடுத்த ஆண்டு பிரித்துவிட்டால் 2 அங்குலம் நீளும். வெளுக்காத பகுதி நிறம் மாறித் தெரியுமே எனில், அதன்மேல் ஒரு வண்ணப்பட்டி வைத்துத் தைத்தால் அதுவே அலங்காரமாகிவிடும்.

இவை கைவந்த பின் இயந்திரம் வாங்கலாம். மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே பின்னிக்கொள்ளும் தையலுக்கு எலியாஸ் ஹோ 1846-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கர் 1851-இல் தம் இயந்திரத்துக்குப் பெற்றார். இன்றும் நம் வீட்டு இயந்திரத்தின் அடிப்படை இதுவே. துணியின் அடியில் நூல் சுருள் சுருளாக வந்தால் அஞ்ச வேண்டா. பெரும்பாலும் மேல்நூல் சரியாகக் கோக்கப்படவில்லை என்பதே பொருள்.

அயலூரில் கற்பிக்க யாருளர் என்று கேட்கலாம். அடுத்த வீட்டு அம்மையாரே ஆசிரியை ஆகலாம். நம் ஊசி கன்னடத்தில் 'சூஜி'. நம் நூல் அங்கு 'நூலு'. இவ்விரு சொற்களோடு பேச்சைத் தொடங்கினால், தையலோடு நட்பும் கிடைக்கும். அருகில் நம் பிள்ளைகளையும் அமர்த்திக்கொள்வோம். பெண்ணாயினும் பிள்ளையாயினும் அறுந்த பொத்தானைத் தானே தைத்துக்கொள்ளட்டும். முழமும் கொசுவமும் தையலும் என்னும் தமிழ்ச் சொற்கள் வேலையோடு வேலையாக அவர்கள் நாவில் ஏறும்.

இவ்வார ஓய்வு நாளில் ஒரு பையிலிருந்து தொடங்குவோம்.