புகை மருந்தா, குழாய்க்கு வலையா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், புகை மருந்து இயந்திரம் வாங்கும் தீர்மானத்துக்கு முன் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது)

தீர்மானத்துக்குக் கை தூக்கும் முன், ஒரு விஞ்ஞானியைப் பற்றிக் கேளுங்கள். பெயர் ரேச்சல் ரூபன். விருதுநகரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடும் மதுரையில் வேலை பார்த்தவர்.

நான் சுகாதாரத் துறையில் இருந்தபோது, ராத்திரியில் வீடு வீடாகப் போய் விரலில் குத்தி ரத்தம் எடுப்போம். "பகல்ல வரக்கூடாதா? பிள்ளைக தூங்குது" என்று திட்டு வாங்காத நாள் கிடையாது. வேறு வழியில்லை. யானைக்கால் நோய்க்குக் காரணமான ஃபைலேரியா புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் தோலை ஒட்டிய ரத்தத்துக்கு வரும். அவற்றைச் சுமந்து போகிற க்யூலெக்ஸ் கொசு கடிப்பதும் ராத்திரியில்தான்.

தாய்ப்புழு உடம்பில் ஐந்து வருடத்துக்கு மேலும் இருக்கும். பல வருடம் வெளியே ஒன்றும் தெரியாது. கால் வீங்கும்போது நிணநீர்க் குழாய்கள் கெட்டுப்போயிருக்கும். முற்றிய வீக்கத்தைப் பழையபடி ஆக்க முடியாது.

ரேச்சல் ரூபன் புழுவைப் பிடிக்கக் கொசுவின் வழியே போனவர். வட ஆற்காடு மாவட்டத்துக் கொசுக்கள் எங்கே தங்கும், யாரைக் கடிக்கும் என்று ஆராய்ந்து 1971-இல் தொடர் கட்டுரைகள் வெளியிட்டார். 1985-இல் மதுரையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தொடங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக இருந்தார். மூளைக்காய்ச்சல் கொசு நெல் வயலில் பெருகுவதைத் தடுக்க, வேம்பையும் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடும் முறையையும் சேர்த்து அங்கே சோதித்தார்கள்.

பிறகு, 1990-களில், திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிராமங்கள். சில ஊர்களில் ஆண்டுக்கு ஒருமுறை யானைக்கால் மாத்திரை மட்டும். வேறு சில ஊர்களில் மாத்திரையோடு கொசுத் தடுப்பும். கழிவுநீர் உறிஞ்சு குழிகளில் சின்னச் சின்னத் தெர்மோகோல் உருண்டைகளைக் கொட்டினார்கள். பாழுங்கிணறுகளில் கொசுப்புழு தின்னும் மீன்களை விட்டார்கள். கொசுப்புழு மூச்சு விட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். உருண்டைகள் அடர்த்தியாக மிதந்தால் மூச்சு விடவும் வழியில்லை, தாய்க்கொசு முட்டையிடவும் இடமில்லை.

மாத்திரையால் இரண்டு பக்கமும் நோய்க்கிருமி குறைந்தது. ஆனால் அந்தப் பலன் நிலைத்தது கொசுவையும் கட்டுப்படுத்திய ஊர்களில்தான். மதுரை மையத்தார் 2007-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இதை எழுதினார்கள்.

இப்போது நம் கட்டடத்துக்கு வருவோம். இங்கே யானைக்கால் வந்துவிட்டது என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் ஜன்னலைத் திறக்க முடியாமல் செய்வது அதே க்யூலெக்ஸ் கொசுதான். போன ஞாயிறு சுற்றிப் பார்த்தேன். நம் செப்டிக் டேங்குகளுக்கு நான்கு காற்றுக் குழாய்கள் இருக்கின்றன. மூன்றின் வாயில் வலை இல்லை. பின்பக்க டேங்கின் மூடி ஓரத்தில் விரல் நுழையும் அளவு வெடிப்பு. அதைத் தட்டியதும் கொசு கூட்டமாகக் கிளம்பியது.

புகை மருந்து அந்த நேரத்தில் பறக்கிற கொசுவைக் கொல்லும். டேங்குக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. பத்து நாளில் அடுத்த கூட்டம் வெளியே வரும், நாம் மறுபடி புகை போடுவோம். பட்டாசு ஆலைகளில் வேலை செய்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பற்றிய பிறகு ஓடுவதைவிடப் பற்ற விடாமல் பார்ப்பதுதான் காரியம் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

என் வேண்டுகோள் இதுதான். இயந்திரம் வாங்குவதை மூன்று மாதம் தள்ளி வையுங்கள். முதலில் நான்கு குழாய்களுக்கும் நைலான் வலை கட்டுவோம். மூடி வெடிப்பைச் சிமெண்ட் பூசி அடைப்போம். இதற்கு டேங்கைத் திறக்கத் தேவையில்லை. உள்ளே விஷவாயு இருக்கும், யாரையும் இறங்கச் சொல்லாதீர்கள். வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்களை மூடி வையுங்கள். நல்ல தண்ணீரில் பெருகும் டெங்கு கொசுவுக்கு அது மருந்து.

அப்படியும் கொசு குறையவில்லை என்றால், அடுத்த கூட்டத்தில் இயந்திரத்துக்கு முதல் கை என் கைதான்.