கோட்டையைக் காப்போர் குடியையும் காக்கட்டும்

(பதுளையில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஊவா நாட்டுக் கோட்டைகளைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்திலே கோட்டை உண்டு, காலியிலே உண்டு, மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் உண்டு. தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலே கோட்டைக்கு என்ன வேலை என்று கேட்பவர் இருக்கலாம். கேட்கட்டும். இம்மலையின் கோட்டைகளை அறியாதவர் இம்மலையில் தோட்டங்கள் வந்த கதையையும் அறியமாட்டார். தோட்டங்கள் வந்த கதையை அறியாதவர், நாம் ஏன் இன்னும் காணியுறுதி இல்லாத மக்களாக இருக்கிறோம் என்பதையும் அறியமாட்டார்.

இரண்டு கோட்டைகள்

ஹல்துமுல்லையில் ஓர் இடிபாடு இருக்கிறது. அதனைப் போர்த்துக்கேயர் கோட்டை என்று வழங்குகின்றனர். போர்த்துக்கேயர் ஊவாவை நாடி வந்த வரலாறு யாவரும் அறியத்தக்கது. அவர்களுடைய தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா பெரும் சேனையுடன் மலையேறி வந்து பதுளையைச் சூறையாடினார். திரும்பும் வழியில் ரந்தெனிவெலவில், 1630ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள், சேனையோடு தாமும் மாண்டார். அவரை வீழ்த்தியது கண்டி அரசனின் படை மட்டுமன்று. அவருடைய சேனையிலேயே இருந்த லஸ்கரீன்கள் என்னும் உள்நாட்டு வீரர்கள் தம் நாட்டவர் பக்கம் சேர்ந்துகொண்டனர். கூலிக்குப் பிடித்த கை, வேளை வந்தபோது மறுபக்கம் திரும்பியது.

மற்றையது பரணகமைப் பகுதியில் ஆங்கிலேயர் அமைத்த மக்டொனால்ட் கோட்டை. அதன் பெயர் இன்றும் அப்பள்ளத்தாக்கின் பெயராக நிலைத்திருக்கிறது. 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இரண்டாண்டுகள் கழிந்து 1817இல் ஊவாவும் வெல்லசவும் கிளர்ந்தெழுந்தன. பதுளையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த வில்சன் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவையே கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினார். 1818இல் அவருடைய மக்கள் சூழ்ந்து நின்றபோது மக்டொனால்ட் என்னும் படையதிகாரி சிறு படையுடன் குன்றொன்றின்மீது நாட்கணக்காக எதிர்த்து நின்றார். அக்குன்றுக்கு அவர் பெயர் கிடைத்தது. அவரைச் சூழ்ந்து நின்ற ஆயிரக்கணக்கான குடியானவர்களுக்கு என்ன கிடைத்தது? ஊர்கள் எரிந்தன, வயல்கள் பாழாயின, கால்நடைகள் அழிந்தன. அக்காலத்தில் இந்நாட்டில் இருந்த படை மருத்துவர் ஜோன் டேவி, 1821இல் வெளியிட்ட தம் நூலில், ஆங்கிலேயர் தரப்பில் ஏறத்தாழ ஆயிரம் பேரும் கண்டி மக்கள் தரப்பில் பத்தாயிரம் பேரும் மடிந்திருக்கலாம் என மதிப்பிட்டார்.

எமக்கும் பங்குண்டு

தோழர்களே, இக்கதையைச் சிங்கள மக்களின் கதை என்று ஒதுக்கிவிட எம்மால் இயலாது. முடியிழந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் மரபினன். 1816இல் அவனைக் கொண்டுபோய் அடைத்தது எங்கே? வேலூர்க் கோட்டையிலே! 1806ஆம் ஆண்டு யூலை 10ஆம் நாள் சென்னைப் படைச் சிப்பாய்கள் வெள்ளையருக்கு எதிராக எழுந்த அதே கோட்டையிலே! 1832இல் அம்மன்னன் வேலூரிலேயே மறைந்தான். ஊவாவில் கிளர்ச்சிக்காரர் முன்னிறுத்திய அரசுரிமையாளனும் ‘துரைசாமி’ என்னும் நாயக்கர் குலப் பெயரையே சூடிக்கொண்டான். மறுபுறம், அக்கிளர்ச்சியை அடக்குவதற்குச் சென்னை இராசதானியிலிருந்து சிப்பாய்ப் படைகள் கொண்டுவரப்பட்டன. ஒரே மண்ணிலிருந்து வந்தவர்கள் இரு பக்கமும் பயன்படுத்தப்பட்டனர். ஏகாதிபத்தியம் ஒருவன் கையைக் கொண்டே இன்னொருவன் கழுத்தை நெரிக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

முதலில் கோட்டை வந்தது. அடுத்துப் பாதை வந்தது. பாதை வழியே கோப்பி வந்தது. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. 1924இல் பதுளைக்கு ரயில் வந்தது. இத்தனைக்கும் உழைக்க எமது பாட்டனும் பாட்டியும் வந்தனர். பதுளைப் படைத்தலைவராயிருந்து பாதைகள் போட்ட மேஜர் ரோஜர்ஸ், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயர் பெற்றவர். 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். அவர் நினைவாகப் பதுளையில் புனித மாற்கு தேவாலயம் நிற்கிறது. அந்தப் பாதைகளில் கல்லுடைத்தவர்களின் பெயர் எந்தச் சுவரில் நிற்கிறது?

நிரூபிக்கும் சுமை

சட்டம் கற்றவர்கள் என்ற முறையில் ஒரு செய்தியை உங்கள் முன் வைக்கிறோம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொன்னது என்ன? காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை எனக் கொள்ளப்படும் என்றது. சேனை வெட்டிப் பிழைத்த குடியானவனிடம் ஓலை எங்கே என்று கேட்டது. ஓலை இல்லாதவன் நிலத்தை இழந்தான். அந்நிலம் தோட்டமாயிற்று.

நூற்றெட்டு ஆண்டுகள் சென்றன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், அத்தோட்டத்தில் உழைத்தவனிடம் உன் தகப்பன் இங்கே பிறந்ததற்குப் பத்திரம் எங்கே என்று கேட்டது. பத்திரம் இல்லாதவன் நாட்டை இழந்தான். 1947இல் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலையக மக்கள் 1952இல் ஒருவரையும் அனுப்ப இயலவில்லை. 1953இல் கோடகன்பிள்ளை வழக்கில் பிரிவுக் கவுன்சிலும் கைவிரித்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரையில் அக்குறை முழுதாய்த் தீரவில்லை.

பாருங்கள்! சிங்களக் குடியானவன் நிலம் இழந்ததும் தமிழ்த் தொழிலாளி நாடிழந்ததும் ஒரே சூழ்ச்சியால். உடைமையைப் பறிப்பவன் தான் எதையும் நிரூபிப்பதில்லை; பறிகொடுப்பவனே நிரூபிக்க வேண்டும். இவ்விருவரும் ஒருவரையொருவர் பகைவராக எண்ணுவது எத்துணைப் பேதைமை!

தொல்பொருள் என்பது எது?

இனி நிகழ்காலத்துக்கு வருவோம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், பண்டைய சின்னம் என்பதற்கு ஒரு நாளை எல்லையாக வைத்தது. எந்த நாள்? 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்த நாளேதான்! அதற்கு முற்பட்டது பண்டையது. பிற்பட்டது எதுவாயினும், வர்த்தமானி அறிவித்தல் மூலம் தனியே பிரகடனம் செய்தாலன்றிப் பாதுகாப்புக் கிட்டாது. மலைத்தோட்டத்தில் எமது மக்கள் வாழ்ந்த வரலாறு முழுவதும் அக்கோட்டுக்கு இப்பால் கிடக்கிறது.

ஆயினும் வாசல் அடைபட்டிருக்கவில்லை. வெள்ளையர் கட்டிய எத்தனையோ கட்டடங்கள் அவ்வாறே பிரகடனம் பெற்றுள்ளன. வர்த்தமானியின் வலிமையை நாம் அறிவோம். 1818 ஜனவரி 10ஆம் நாள் வர்த்தமானி ஊவாக் கிளர்ச்சித் தலைவர்களைத் துரோகிகள் என்றது. 2016இல் அப்பிரகடனம் நீக்கப்பட்டு அவர்கள் தேசிய வீரர்களாயினர். துரைமாரின் பங்களாவுக்கு மதிப்பளிக்க இயலுமாயின், தொழிலாளியின் லயத்துக்கும், பெரட்டுக் களத்துக்கும், பழைய தொழிற்சாலைக்கும் மதிப்பளிக்க ஏன் இயலாது? கம்பளைப் பகுதியில் பழைய லயமொன்றிலேயே தோட்டத் தொழிலாளர் நூதனசாலை அமைத்தவர்கள் அதற்கு வழி காட்டியிருக்கின்றனர்.

லயம் அடிமைச் சின்னம், அதை இடித்துத் தள்ளுவதே முறை என்று இளைஞர்கள் சொல்கின்றனர். அவர்களின் சினம் நியாயமானது. லயத்தில் மக்களைக் குடிவைத்துக்கொண்டு அதைப் பாரம்பரியம் என்று போற்றுவோமானால் அது கொடுமை. ஹல்துமுல்லைப் பிரிவிலேயே, கொஸ்லந்தை மீரியபெத்தையில், 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் மலை சரிந்து லயங்களை விழுங்கியது. மண்ணுள் போனவர் எத்தனை பேர் என்று உடனே சொல்ல எவராலும் இயலவில்லை. நாள்தோறும் கணக்கு மாறியது. போர்த்துக்கேயக் கோட்டையின் கல்லுக்குக் கணக்குண்டு. அதே பிரிவில் வாழ்ந்த உயிர்களுக்குக் கணக்கில்லை!

தொல்லியல் என்றதும் எமது மக்கள் அஞ்சுவதற்கும் காரணம் உண்டு. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கென அமைக்கப்பட்ட ஜனாதிபதிச் செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரும் இருக்கவில்லை. அளவுக்கல் நட்ட இடமெல்லாம் காணி போய்விடும் என்று உழவன் அஞ்சுவதில் வியப்பென்ன? யாழ்ப்பாணக் கோட்டையைப் பாருங்கள். போர்த்துக்கேயர் எழுப்பி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, 1990இன் போரில் சிதைந்து, போர் முடிந்தபின் ஒல்லாந்து நாட்டின் உதவியோடு புதுப்பிக்கப்பட்டது. அதனுள்ளே நடந்த அகழ்வுகளில் ஐரோப்பியர் வருமுன்னரே அங்கு செழித்த வாணிபத்தின் தடயங்கள் வெளிப்பட்டன. நேர்மையாகத் தோண்டினால் மண் எல்லாருடைய கதையையும் சொல்லும்.

நாம் கேட்பவை

ஆதலின் நான்கு கோரிக்கைகளை வைக்கிறோம். ஒன்று, ஊவாவின் கோட்டைகளிலும் போர்க்களங்களிலும் மும்மொழியிலும் பலகை வைத்து, கட்டியவன் பெயரோடு எதிர்த்தவன் கதையையும் எழுதுக. இரண்டு, பசறை, மடுல்சீமை, அப்புத்தளை, பண்டாரவளைப் பகுதிகளில் குடியிருப்போர் நீங்கிய பழைய லயம் ஒவ்வொன்றையேனும் பாதுகாக்கப்பட்ட சின்னமாகப் பிரகடனம் செய்க. மூன்று, தோட்டங்களின் செக்ரோல், பிறப்பு இறப்புப் பதிவு, பற்றுச்சீட்டு ஆகியவற்றை எரிக்கவும் கரையானுக்கு இரையாக்கவும் விடாது பிரதியெடுத்துக் காக்க. நான்கு, இவையனைத்துக்கும் முன்பாக, லயத்தில் இன்று வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாதுகாப்பான நிலத்தில் வீடும், அந்நிலத்துக்கு முறையான உறுதியும் வழங்குக.

முதல் மூன்றுக்கும் அரசாங்கத்தையே நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆசிரியர்களே, உங்கள் மாணவரை அனுப்பி முதியோரின் வாய்மொழியை எழுதுவியுங்கள். வழக்கறிஞர்களே, வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கித் தோட்ட மக்களின் பத்திரங்களைச் சீர்செய்து கொடுங்கள். வெலிமடையின் உழவர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய துண்டையும் கடவுச்சீட்டையும் குப்பை என்று எறியாதீர்கள். 1840இலும் 1948இலும் எம்மிடம் கேட்டது காகிதம். மறுமுறை கேட்கும்போது எமது கை வெறுங்கையாக இருத்தலாகாது.